வேலை பார்த்தவர்களின் கணக்கு: எண்ணெய் ஆலைகளும் கொடைக்கானல் பாதரசமும்

கொஞ்சம் நீளமான இழை. டீ போட்டு வெச்சுட்டு உட்காருங்க.

எங்க ஊர் அய்யம்பாளையம். மருதாநதி அணைக்குக் கீழே, தாண்டிக்குடி மலைக்கு ஏறுகிற வழியில் இருக்கிறது. தென்னந்தோப்பும் மலைக்காற்றும் இருக்கிற ஊர். இங்கே புற்றுநோய் பற்றிப் பேசினால் எல்லாரும் முதலில் கேட்பது "பீடி குடிச்சாரா?" என்றுதான். "என்ன வேலை பார்த்தார்?" என்று யாரும் கேட்பதில்லை. டாக்டர்களான நாங்களும் கேட்பதில்லை. இந்த இழையே அதைப் பற்றித்தான்.

சில வாரங்களுக்கு முன் ஒருவர் வந்தார். வயது 58. என்னை விட மூத்தவர், அதனால் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். ஆறு மாதமாக அசதி. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஈறில் ரத்தம் கசிகிறது. ரத்தப் பரிசோதனை பார்த்தால் ஹீமோகுளோபின், வெள்ளணு, தட்டணு மூன்றுமே குறைவு. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை.

"அண்ணே, என்ன வேலை பாத்தீங்க?"

"வெளிநாடு தம்பி. ரிஃபைனரில டேங்க் கிளீனிங். 22 வருசம்."

டேங்க் கிளீனிங் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: கச்சா எண்ணெயும் பெட்ரோலும் வைக்கிற ராட்சதத் தொட்டிகளின் அடியில் சகதி மாதிரி ஒன்று படியும். எண்ணெயை இறைத்துவிட்டு, ஆள் உள்ளே இறங்கி அந்தச் சகதியை வாரி வெளியே எடுக்க வேண்டும். உள்ளே இருப்பது எண்ணெய் ஆவி. அந்த ஆவியில் இருக்கும் பொருட்களில் ஒன்றின் பெயர் பென்சீன்.

அவர் கேட்டார்: "இது அந்த வேலையால வந்ததா தம்பி?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. எலும்பு மஜ்ஜைப் பரிசோதனைக்கு மதுரைக்கு அனுப்பி வைத்தேன். ஆனால் கேள்வி என்னிடமே தங்கிவிட்டது. ஒரு வேலை ஒருவரை 20, 30 வருடம் கழித்துக் கொல்கிறது என்பதை மனிதர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அந்த வரலாற்றைத்தான் சொல்லப் போறேன். கடைசியில் நம்ம மலைக்கே வருவோம்.

---

பழைய கதையிலிருந்து ஆரம்பிக்கலாம்.

1775. லண்டனில் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர், புகைபோக்கி சுத்தம் செய்பவர்களுக்கு விரைப்பையில் புற்றுநோய் வருவதை எழுதி வைத்தார். சின்னப் பையன்களாக இருக்கும்போது குறுகலான புகைபோக்கிக்குள் இறக்கிவிடப்பட்டவர்கள் அவர்கள். கரி உடம்பில் ஒட்டுகிறது. நோய் வருவது பெரியவனான பிறகு. வேலைக்கும் புற்றுநோய்க்கும் இடையிலான தொடர்பு தெளிவாகச் சொல்லப்பட்டது அப்போதுதான் முதல் முறை. எல்லா மருத்துவ மாணவர்களும் இதைப் படிப்பார்கள். பரீட்சைக்கு 2 மார்க் கேள்வி. எழுதிவிட்டு மறந்துவிடுவோம்.

எண்ணெய் இந்தக் கதைக்குள் வருவது 100 வருடம் கழித்து. ஸ்காட்லாந்தில் ஒருவகைப் பாறையைச் சூடாக்கி அதிலிருந்து எண்ணெயும் பாரபின் மெழுகும் எடுக்கும் தொழில் 1850களில் பெருகியது. விளக்கு எரிக்க எண்ணெய், மெழுகுவர்த்திக்குப் பாரபின். 1875இல் ஜெர்மனியில் ஃபோல்க்மான் என்ற மருத்துவர் தார், பாரபின் வேலை செய்பவர்களிடம் அதே விரைப்பைப் புற்றுநோயைக் கண்டார். அடுத்த வருடமே, 1876இல், எடின்பரோவில் ஒருவர் பாரபின் தொழிலாளர்களிடம் அதைப் பதிவு செய்தார். அவர் பெயர் ஜோசப் பெல்.

இந்தப் பெயர் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவரைப் பார்த்து உருவான ஆளைத் தெரியும். ஆர்தர் கோனன் டாயில் இவருடைய மாணவர். நோயாளி கதவைத் திறந்து உள்ளே வரும்போதே கையின் காய்ப்பையும் செருப்பின் மண்ணையும் பார்த்து என்ன தொழில் என்று சொல்லிவிடுவார் பெல். அவர்தான் ஷெர்லாக் ஹோம்ஸுக்கு முன்மாதிரி. எண்ணெய்த் தொழிலாளர் புற்றுநோயை முதலில் கவனித்தவர்களில் ஒருவர், நோயாளியின் கையைப் பார்த்துத் தொழிலைக் கண்டுபிடிக்கிற ஆள் என்பது தற்செயல் இல்லை என்றுதான் நினைக்கிறேன். இப்போது நாங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டைத்தான் முதலில் பார்க்கிறோம். கையைப் பார்ப்பதில்லை.

அடுத்து மான்செஸ்டர் பஞ்சாலைகள். அங்கே நூற்கும் எந்திரங்களுக்குப் போடுகிற எண்ணெய் தொழிலாளியின் தொடை இடுக்கில் தெறித்துக்கொண்டே இருக்கும். 1922இல் சவுதம், வில்சன் என்ற இருவர் மான்செஸ்டர் மருத்துவமனைப் பழைய ஏடுகளைப் புரட்டினார்கள். 20 வருடத்தில் 141 விரைப்பைப் புற்றுநோய்கள். அதில் 69 பேர் நூற்பாலைத் தொழிலாளிகள். பாதிக்குப் பாதி. மருத்துவமனை எழுத்தர் ஒருவர் ஒவ்வொரு நோயாளிக்கும் எதிரே "தொழில்" என்ற கட்டத்தை நிரப்பி வைத்திருந்ததால்தான் இது தெரிந்தது. அந்த எழுத்தருக்கு ஒரு சிலை வைக்கலாம்.

அந்த எண்ணெய்க்குக் கட்டுப்பாடு போட்ட சட்டம் எப்போது வந்தது தெரியுமா? 1953. கண்டுபிடித்து 31 வருடம் கழித்து.

---

இப்போது பென்சீன்.

பென்சீன் ஒரு இனிப்பான வாசனையுள்ள திரவம். பெட்ரோல் பங்க்கில் நிற்கும்போது ஒரு வாசனை வருமே, சில பேருக்கு அது பிடிக்கக்கூடச் செய்யும், அதில் பென்சீனும் கலந்திருக்கிறது. கச்சா எண்ணெயில் இயற்கையாகவே உண்டு. ரப்பரையும் பசையையும் கரைக்க அற்புதமான பொருள். மலிவு. அதனால் எல்லா இடத்திலும் பயன்பட்டது.

உடம்புக்குள் போனால் ஈரல் அதை உடைக்கிறது. உடைந்து வருகிற துண்டுகள்தான் விஷம். அவை எலும்பு மஜ்ஜைக்குப் போய்ச் சேர்கின்றன. மஜ்ஜை என்பது ரத்த அணுக்கள் பிறக்கிற நாற்றங்கால். நாற்றங்காலிலேயே மருந்து தெளித்துக் கருக வைத்தால் வயல் என்ன ஆகும்? முதலில் ரத்த அணுக்கள் குறையும். சில பேருக்குக் கோணல் நாற்றுகள் முளைக்கும். அதுதான் ரத்தப் புற்றுநோய்.

1897இல் ஸ்வீடனில் சைக்கிள் டயர் செய்யும் ஆலையில் வேலை பார்த்த இளம் பெண்கள் ரத்தம் வற்றிப் போய் இறந்ததை சாண்டெஸ்ஸன் என்பவர் எழுதினார். 1928இல் பிரான்சில் பென்சீனோடு வேலை செய்த ஒருவரின் ரத்தப் புற்றுநோய் பதிவானது. இதெல்லாம் ஒற்றை ஒற்றைக் கேஸ்கள். "ஒருத்தனுக்கு வந்தா அது வேலையாலயா? தலையெழுத்தா இருக்கும்" என்று சொல்லிவிடலாம். சொன்னார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் துருக்கி மருத்துவர் முசாபர் அக்சோய். இஸ்தான்புல்லில் செருப்பு, கைப்பை தைக்கிறவர்கள் காற்றோட்டமே இல்லாத சின்ன அறைகளில் பென்சீன் கலந்த பசையை வைத்து வேலை செய்தார்கள். 1967 முதல் 1973 வரை 26 பேர் ரத்தப் புற்றுநோயோடு, அல்லது அதற்கு முந்தைய நிலையோடு, அவரிடம் வந்தார்கள். இங்கே அவர் ஒரு வேலை செய்தார். அது முக்கியம். இஸ்தான்புல்லில் மொத்தம் எத்தனை பேர் செருப்புத் தைக்கிறார்கள் என்று விசாரித்தார். 28,500 பேர். அப்புறம்தான் வகுத்துப் பார்த்தார். பொதுமக்களில் வருவதை விட இரண்டு மடங்கு என்று தெரிந்தது.

26 என்பது வெறும் சோகம். 26-ஐ 28,500 ஆல் வகுத்தால்தான் அது சான்று. இந்த வகுத்தல் கணக்கைப் பிடிச்சுக்கோங்க. பின்னால் வேண்டும்.

1977இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் ரப்பர் படலம் தயாரிக்கும் ஆலைகளில் 1940களில் வேலை பார்த்த 748 பேரைத் தேடிப் பிடித்து ஒரு ஆய்வு வந்தது. ரத்தப் புற்றுநோய் மரணம், எதிர்பார்க்க வேண்டியதை விட ஏறத்தாழ 5 மடங்கு. அடுத்த வருடம் அமெரிக்க அரசு, வேலையிடக் காற்றில் பென்சீன் அளவு 10 பிபிஎம்மிலிருந்து 1 பிபிஎம்முக்குக் குறைய வேண்டும் என்று விதி போட்டது. (பிபிஎம் என்றால் 10 லட்சத்தில் ஒரு பங்கு.)

எண்ணெய் நிறுவனங்களின் சங்கமான அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட் கோர்ட்டுக்குப் போனது. 1980இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. 10 பிபிஎம்மில் கணிசமான ஆபத்து இருக்கிறது என்று அரசு முதலில் காட்டவில்லை என்பது காரணம். திரும்ப ஆய்வு, திரும்ப விசாரணை. கடைசியில் 1987இல்தான் 1 பிபிஎம் அமலுக்கு வந்தது.

இதில் கசப்பான விஷயம் ஒன்று. அதே சங்கம் 1948இல் வெளியிட்ட ஒரு நச்சியல் குறிப்பில், பென்சீனுக்கு முழுப் பாதுகாப்பான அளவு பூஜ்யம் மட்டுமே என்று பொதுவாகக் கருதப்படுவதாக எழுதியிருக்கிறது. 1948. நம்ம நாடு சுதந்திரம் வாங்கி ஒரு வருடம்.

---

சரி, எண்ணெய் ஆலைத் தொழிலாளர்களையே நேரடியாகப் பின்தொடர்ந்தார்களா? தொடர்ந்தார்கள். இங்கேதான் ஒரு வேடிக்கை.

ஆஸ்திரேலியாவில் 1980இல் "ஹெல்த் வாட்ச்" என்று ஒன்று தொடங்கினார்கள். பணம் கொடுத்தது எண்ணெய்த் தொழிலின் அமைப்பு, நடத்தியது பல்கலைக்கழகம். ரிஃபைனரி, டெர்மினல், எண்ணெய்க் கிணறு என்று எல்லா இடத்திலும் வேலை செய்த சுமார் 20,000 பேர். ஒவ்வொருவருக்கும் என்ன வேலை, எத்தனை வருடம், பீடி சிகரெட் உண்டா என்று கேட்டு எழுதினார்கள். வேலையை விட்டுப் போன பிறகும் விடவில்லை. நாட்டின் மரணப் பதிவேட்டோடும் புற்றுநோய்ப் பதிவேட்டோடும் பெயர்களை ஒப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

முடிவு என்ன? எண்ணெய்த் தொழிலாளர்களின் மொத்த மரண விகிதம் பொதுமக்களை விடக் குறைவு!

"பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல" என்று சந்தோஷப்படத் தோன்றும். அவசரப்படாதீங்க.

கல்ஃபுக்குப் போகிறவர் முதலில் என்ன செய்வார்? மெடிக்கல். எக்ஸ்ரே, ரத்தம், சிறுநீர். ஃபிட் ஆனால்தான் விசா. சர்க்கரை, காசநோய், இதயக் கோளாறு எல்லாம் வாசலிலேயே கழிக்கப்படும். உள்ளே போகிறவர்கள் ஊரிலேயே திடகாத்திரமான ஆட்கள். அவர்களை, படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களையும் சேர்த்த பொதுமக்களோடு ஒப்பிட்டால், நிச்சயம் நல்லாத்தான் தெரிவார்கள். இதற்கு "ஆரோக்கியத் தொழிலாளர் விளைவு" என்று பெயர். 1885இலேயே இங்கிலாந்தில் வில்லியம் ஓகிள் என்பவர் இதைச் சுட்டிக் காட்டியிருக்கிறார். இன்றைக்கும் கம்பெனிகளின் அறிக்கைகளில் "எங்கள் ஊழியர்களின் மரண விகிதம் குறைவு" என்ற வரியைப் பார்த்தால் எனக்கு ஓகிள் ஞாபகம்தான் வரும்.

அதனால் மொத்த மரணத்தைப் பார்க்கக் கூடாது. நோய் நோயாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரித்தால், அதே ஹெல்த் வாட்சில் மீசோதெலியோமா கூடுதலாக இருந்தது. அது நுரையீரலைச் சுற்றிய உறையில் வரும் புற்று, ஆஸ்பெஸ்டாஸால் வருவது. ரிஃபைனரிக் குழாய்களுக்குச் சூடு தாங்க ஆஸ்பெஸ்டாஸ் சுற்றியிருந்த காலம் அது. தோலில் வரும் மெலனோமாவும் கூடுதல். ஆஸ்திரேலிய வெயிலுக்கும் அதில் பங்கு இருக்கலாம். 2003இல் வந்த ஒரு ஆய்வில், அதுவரை "குறைவு" என்று நினைத்த பென்சீன் அளவுகளிலேயே ரத்தப் புற்றுநோய் ஆபத்து ஏறுவது தெரிந்தது.

நார்வேகாரர்கள் இன்னும் ஒரு படி மேல். 1965 முதல் 1998 வரை கடல் மேடைகளில் வேலை பார்த்த சுமார் 28,000 பேரின் விவரத்தைச் சேகரித்து, தேசிய அடையாள எண் மூலம் புற்றுநோய்ப் பதிவேட்டோடு இணைத்தார்கள். பட்டன் தட்டினால் யாருக்கு என்ன வந்தது என்று தெரியும்.

இப்போது அண்ணனின் நோய்க்கு வருகிறேன். 2012இல் ஆஸ்திரேலியா, கனடா, பிரிட்டன் மூன்று நாடுகளின் எண்ணெய்த் தொழிலாளர் ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பென்சீன் அதிகம் பட்டவர்களுக்கு "மயலோ டிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம்" என்ற நோய், குறைவாகப் பட்டவர்களை விட 4 மடங்குக்கும் மேல் கூடியிருந்தது. கேஸ்கள் கொஞ்சம்தான், அதனால் அந்த 4 என்ற எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்க வேண்டாம். ஆனால் திசை தெளிவு. இந்த நோயில் மஜ்ஜை வேலை செய்யும், ஆனால் அரைகுறை அணுக்களாகப் பெற்றுப்போடும். ஹீமோகுளோபின், வெள்ளணு, தட்டணு மூன்றும் இறங்கும். அசதி, மூச்சு வாங்குதல், ஈறில் ரத்தம். பல வருடம் இதை "ரத்தசோகை" என்று எழுதிச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பியிருப்போம்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு பென்சீனை முதல் பிரிவில், அதாவது மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றில், வைத்திருக்கிறது. ரிஃபைனரி வேலையை 1989இல் "அநேகமாக உண்டாக்கும்" என்ற 2ஏ பிரிவில் வைத்தது.

பயந்துடாதீங்க. பைக்குக்குப் பெட்ரோல் போடும் இரண்டு நிமிடத்தில் ஒன்றும் ஆகிவிடாது. இந்தியாவில் இப்போது பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 2000 வாக்கில் 5 சதவீதம் வரை அனுமதி இருந்தது. நான் பேசுவது தினமும் 8 மணி நேரம், வருடக்கணக்கில் அதில் நிற்கிறவர்களைப் பற்றி.

---

இனி நம்ம மலை.

திண்டுக்கல் மாவட்டத்தில் ரிஃபைனரி கிடையாது. தமிழ்நாட்டில் மணலியில் 1969இலும், நாகப்பட்டினம் பக்கம் பனங்குடியில் 1993இலும் வந்தன. ஆனால் "வேலை பார்த்தவர்களுக்குப் பிற்பாடு என்ன ஆனது" என்ற கேள்வி கோர்ட் வரை போன இடம் நம்ம கொடைக்கானல். எண்ணெய் இல்லை, பாதரசம்.

அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தின் வாட்டர்டவுனில் ஒரு தெர்மாமீட்டர் ஆலை இருந்தது. சீஸ்பரோ-பாண்ட்ஸ் கம்பெனியுடையது. அதைக் கழற்றி 1983இல் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தார்கள். பாம்பார் சோலைக்கு மேலே, செயின்ட் மேரீஸ் ரோட்டில். 1987இல் அது ஹிந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. கண்ணாடிக் குழாயில் பாதரசம் நிரப்பி, தெர்மாமீட்டர் செய்து ஏற்றுமதி. மலை மேல் பையன்களுக்கும் பெண்களுக்கும் கம்பெனி வேலை கிடைப்பது அப்போது லாட்டரி அடித்த மாதிரி. காய்கறித் தோட்டத்தில் கூலிக்குப் போவதை விட ஆயிரம் மடங்கு மேல் என்றுதான் நினைத்தார்கள்.

பாதரசம் சாதாரணக் குளிரிலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூச்சில் இழுத்தால் சுமார் 80 சதவீதம் உடம்பில் தங்கும். போய் உட்காரும் இடம் மூளையும் சிறுநீரகமும். கை நடுக்கம், ஈறு வீக்கம், மறதி, காரணமில்லாத எரிச்சல், சிறுநீரில் புரதம். பாதரசம் சம்பந்தமாக நான் நேர்மையாகச் சொல்லியாக வேண்டியது ஒன்று உண்டு: உலோகப் பாதரசம் புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றுதான் அதே புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1993இல் சொன்னது. "பாதரசத்தால கேன்சர்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பாதீங்க. அது வேறு வழியில் கெடுக்கும்.

2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு காயலான் கடையில் ஆலையின் உடைந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடப்பதை ஊர்க்காரர்களும் சூழல் ஆர்வலர்களும் வெளியே கொண்டுவந்தார்கள். அதில் பாதரசம் ஒட்டியிருந்தது. அந்த மாதமே ஆலை நின்றது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு தூத்துக்குடி வழியாகக் கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. மூன்றாம் உலகத்திலிருந்து குப்பை முதல் உலகத்துக்குப் போனது என்று பத்திரிகைகள் கொண்டாடின. ஹைதராபாத்தில் இருக்கும் மத்திய அரசு ஆய்வகத்தினர் ஆலை அருகே மரத்தில் ஒட்டியிருந்த பாசியிலும், கொடைக்கானல் ஏரியின் வண்டலிலும் மீனிலும் பாதரசத்தை அளந்து எழுதினார்கள்.

பாசியை அளந்தாச்சு. மீனை அளந்தாச்சு. ஆட்களை?

இங்கேதான் கதை இடறுகிறது. உடம்பில் ஏறிய பாதரசம் சுமார் 2 மாதத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். வேலை பார்க்கும் நாளில் சிறுநீரைச் சோதித்தால் தெரியும். ஆலை மூடி 2 வருடம் கழித்துச் சோதித்தால் ரிப்போர்ட் "நார்மல்". ஆனால் கெட்டுப்போன சிறுநீரகம் நார்மலாகத் திரும்பாது. ஆக, ஆலை ஓடிய காலத்தில் யாருக்கு எவ்வளவு என்று அளந்து எழுதி, அதைத் தொழிலாளி கையில் கொடுத்திருந்தால் மட்டுமே பிற்பாடு எதையும் நிரூபிக்க முடியும்.

2006இல் முன்னாள் தொழிலாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பாதரசம் தரையில் சிதறியது, துணியிலேயே வீட்டுக்கு வந்தது, அது விஷம் என்று தங்களுக்குச் சொல்லப்படவில்லை என்பது அவர்கள் தரப்பு. தொழிலாளர் உடல்நலக் கேட்டுக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்பது கம்பெனி தரப்பு. அதற்கு ஆதரவான ஆய்வுகளையும் காட்டினார்கள். நீதிமன்றம் 2007இல் நிபுணர் குழு அமைத்தது. இப்போதைய நோய்களைப் பழைய பாதரசத்தோடு இணைக்கப் போதிய சான்று கிடைக்கவில்லை என்றது குழு. 2011இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் அறிக்கை நேர் எதிராக, பாதிப்பு உண்டு என்றது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்கள், குடும்பங்களோடு கம்பெனி சமரசம் செய்துகொண்டது. மனிதாபிமான அடிப்படையில் என்றார்கள். தொகை வெளியிடப்படவில்லை. அதற்கு முந்தைய வருடம் சோபியா அஷ்ரஃப் பாடிய "கொடைக்கானல் வோன்ட்" வீடியோ உலகம் சுற்றியதை நீங்களும் ஷேர் பண்ணியிருப்பீங்க.

"போதிய சான்று இல்லை" என்ற சொற்றொடரை ஒரு டாக்டராக நான் தினமும் பார்க்கிறேன். அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. தேடினோம், இல்லை என்பது ஒன்று. தேட வேண்டிய நேரத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை என்பது இன்னொன்று. கொடைக்கானலில் பெரும்பாலும் இரண்டாவது என்பது என் கருத்து. சமரசத்தில் பணம் வந்தது. அக்சோயின் வகுத்தல் கணக்கு மட்டும் போடப்படவே இல்லை.

---

"இதெல்லாம் நார்வேல முடியும், நம்ம ஊர்ல எங்க" என்று சொல்வீர்கள். அதுவும் சரியில்லை.

ஒட்டன்சத்திரம் பக்கத்தில் அம்பிளிக்கை. அங்கே இருக்கும் மருத்துவமனையில்தான் திண்டுக்கல் மாவட்டத்துக்கான புற்றுநோய்ப் பதிவேட்டை வைத்தார்கள். 2000இல் இந்த மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களை வைத்து ஒரு ஆய்வு தொடங்கியது. செவிலியர்கள் கருப்பைவாயில் வினிகர் மாதிரி நீர்த்த அமிலம் தடவிப் பார்த்துப் பரிசோதிப்பது. ஒரு பகுதிக் கிராமங்களில் 49,000-க்கு மேற்பட்ட பெண்கள், ஒப்பிடுவதற்கு மற்ற கிராமங்களில் ஏறத்தாழ 31,000 பேர். 2007இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: பரிசோதனை நடந்த கிராமங்களில் கருப்பைவாய்ப் புற்று மரணம் 35 சதவீதம் குறைவு. (ஒப்பீட்டுக் கிராமங்களின் பெண்களுக்குப் பரிசோதனை கிடைக்காததைப் பற்றிப் பின்னால் பெரிய சர்ச்சை வந்தது. அந்த விமர்சனத்தில் எனக்கு உடன்பாடு உண்டு. அது தனி இழை.)

நான் சொல்ல வருவது: பழனி மலை அடிவாரத்தில், நம்ம செவிலியர்களும் நம்ம ஊர்ப் பெண்களும் சேர்ந்து, 80,000 பேரை 7 வருடம் தொடர்ந்து, யாருக்கு என்ன ஆனது என்று எண்ணியிருக்கிறார்கள். உலகமே அதைப் படித்தது. முடியாது என்பது பொய்.

தொழில்தான் விடுபடுகிறது. நாங்கள் எழுதும் கேஸ் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். பெயர், வயது, ஊர் எல்லாம் இருக்கும். தொழில் கட்டத்தில் "கூலி" அல்லது "வீட்டில்" அல்லது வெறும் கோடு. 20 வருடம் ரிஃபைனரித் தொட்டிக்குள் நின்றவரும் கூலி, தென்னைக்கு மருந்து வைப்பவரும் கூலி, காயலான் கடையில் பேட்டரி உடைப்பவரும் கூலி. நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், பல ஆயிரம் தடவை.

கொடைக்கானல் ஆலை ஓடிய காலமெல்லாம் அமலில் இருந்த 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில் 89ஆவது பிரிவு என்று ஒன்று. சில தொழில்நோய்களின் பட்டியல் போட்டு, அவற்றில் ஒன்று இருப்பதாக நினைக்கும் மருத்துவர் உடனே தொழிற்சாலைகள் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்று சொன்னது. பட்டியலில் பாதரச நச்சு 4ஆவது, பென்சீன் நச்சு 9ஆவது. நான் எம்பிபிஎஸ் படித்தபோது இதைப் படித்தேன். அதன் பிறகு அப்படி ஒரு கடிதம் எழுதிய டாக்டர் ஒருவரைக்கூட நேரில் சந்தித்ததில்லை. நானும் எழுதியதில்லை.

வெளிநாட்டில் வேலை பார்த்தவருக்கு இந்தச் சட்டமும் இல்லை. அவர் இங்கே வந்து படுத்தால் அந்த நாட்டுக் கணக்கில் அவர் "நலமாக வேலையை முடித்து ஊர் திரும்பியவர்". புலம்பெயர்ந்தவர் உடம்பு கெட்டதும் சொந்த ஊருக்குத் திரும்பி வந்து சாவதால் போன நாட்டின் புள்ளிவிவரம் அழகாகத் தெரிவதற்குத் தொற்றுநோயியலில் ஒரு பெயர்கூட உண்டு, சால்மன் விளைவு. பிறந்த ஆற்றுக்கே நீந்தித் திரும்பி வந்து சாகுமாம் அந்த மீன்.

---

போன வாரம் அண்ணன் மஜ்ஜை ரிப்போர்ட்டோடு வந்தார். மயலோ டிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம்தான். சிகிச்சை பற்றிப் பேசினோம், அதை இங்கே எழுதப் போவதில்லை.

திரும்பவும் அதே கேள்வி: "அந்த வேலையாலதானா தம்பி?"

இருக்கிறதைச் சொன்னேன். இந்த நோய் பென்சீன் தொடாதவர்களுக்கும் வரும், வயதானால் வரும். ஆனால் உங்களை மாதிரி வேலை பார்த்தவர்களுக்குக் கூடுதலாக வருகிறது என்று மூன்று நாட்டு ஆய்வு சொல்கிறது. உங்களுக்கு வந்தது அதனால்தான் என்று நான் சத்தியம் பண்ண முடியாது. அதனால் இல்லை என்றும் யாராலும் சொல்ல முடியாது.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் போனை எடுத்தார். "எங்க டீம்ல 14 பேரு தம்பி. ராமநாதபுரம், தஞ்சாவூர்ப் பக்கம் ஆளுங்க, ரெண்டு பேர் கேரளா. ரெண்டு பேருக்கு இதே மாதிரி ரத்தத்துல ஏதோன்னு சொன்னாங்க. ஒருத்தர் தவறிட்டாரு. நாலு பேரு நம்பர் இப்போ போகல."

14 பேரை வைத்து ஒரு சான்றும் ஆகாது. அது எனக்குத் தெரியும். இஸ்தான்புல் கணக்கை மேலே நானே சொல்லிவிட்டேன். ஆனாலும் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, பெயர், ஊர், எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, தொட்டிக்குள்ளா வெளியிலா, இப்போது எப்படி என்று கட்டம் போட்டுக் கொடுத்தேன். "தெரிஞ்ச வரைக்கும் நிரப்பிட்டு வாங்கண்ணே."

அவருடைய கேஸ் ஷீட்டில் தொழில் கட்டத்தில் முதல் நாள் நான் எழுதியிருந்தது "விவசாயம்". ஊருக்கு வந்து அரை ஏக்கர் தென்னை வாங்கியிருக்கிறார், அதனால். அதை அடித்துவிட்டு, "எண்ணெய்த் தொட்டி சுத்தம் செய்தல், 22 வருடம்" என்று எழுதினேன். இடம் போதவில்லை. ஓரத்தில் மடக்கி எழுத வேண்டியிருந்தது.